கன்னி மூலையிலிருந்து பதினேழு காலடி

நீங்கள் எடை போட்டது எங்கள் வயலை அல்ல. செத்த மாடுகளை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டீர்கள்.

உங்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. படித்தால் உங்களுக்கே புரியும். போன மாதம் திருச்சியில் ஒரு மண்டபத்தில் பேசினீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நம் நாட்டு விவசாயம் உலகத்தோடு போட்டி போட முடியுமா, நம் மண்ணுக்கு இன்னும் எவ்வளவு சக்தி பாக்கி இருக்கிறது என்பது பேச்சு. நடுவில் ஒரு கதை சொன்னீர்கள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே கொள்ளிடக் கரையில் ஒரு சாதாரணக் குத்தகைக்காரரின் வயல். உரம்கூட அதிகம் போடாத வயல். அங்கே நீங்களே நின்று அறுத்து, நீங்களே எடை பார்த்தீர்களாம். அப்படி ஒரு விளைச்சலாம். "ஒரு வயலுக்கு முடிந்தது ஒரு நாட்டுக்கு முடியாதா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையில் இடித்து, "கேட்டீங்களா?" என்றார்.

கேட்டேன். அந்தக் குத்தகைக்காரர் என் அப்பா. அன்றைக்கு அறுத்த ஆள் நான். எனக்குப் பேச வராது. மேடை ஏறித் திட்டவும் வராது. அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். மாட்டின் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகும். வாய்க்குள் புண். பிறகு கழிச்சல். நாலு நாளில் ஆள் உயரத்துக்கு நின்ற மாடு ஈரச் சாக்கு மாதிரி கிடக்கும். எங்கள் உழவு ஜோடி, ஒரு கறவைப் பசு, அதன் கன்று, சித்தப்பா வீட்டு ஜோடி என்று ஒரே வாரத்தில் ஆறு போய்விட்டது.

மாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து உத்தரவு சொல்லிவிட்டுப் போனார். தோல் உரிக்கக் கூடாது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஆற்றங்கரையில் புதைக்கக் கூடாது, ஊருக்கு வெளியே தூரமாகக் கொண்டு போக வேண்டும். சரிதான். எதில் வைத்துக் கொண்டு போவது? வண்டி இழுக்கிற மாடுதான் செத்துக் கிடக்கிறது. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று எவனும் தன் மாட்டை இரவல் தரவில்லை. செத்த மாட்டை இழுக்க ஒரு மாடு இல்லை எங்களுக்கு.

எங்கள் வயலுக்குக் கொள்ளிடக் கரை வடக்கு எல்லை. மாட்டுக் கொட்டகை அந்தக் கரையை ஒட்டி, வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் நானும் மூலைக்கு உள்ளே கொஞ்சம் தள்ளி, வயலிலேயே குழி வெட்டி, கயிறு கட்டி இழுத்துத் தள்ளினோம். கழுத்து மணியை அவிழ்க்கப் போனேன். "தொடாதே, அப்படியே போகட்டும்" என்றார் அப்பா. மணியோடேயே புதைத்தோம். மண் போடப் போட மணி சத்தம் வந்தது. செத்த மாடு அசையாது, மண் கட்டி விழுந்து மணியில் படுகிறது, அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். குழி மூடிய பிறகும் ஒரு தடவை கேட்டது. மூன்று பேருமே கேட்டோம்.

வயல் எங்களுடையது அல்ல. ஸ்ரீரங்கத்தில் கோயிலை ஒட்டிய ஒரு வீதியில் இருந்த நிலக்காரருடையது. ஆசாரமானவர். எங்கள் வயல் நெல்தான் அவர் வீட்டுக்குச் சாப்பாட்டு நெல். அந்த வயலில் ஆறு மாட்டைப் புதைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் மறுநாளே எங்களை இறக்கிவிடுவார். அரசாங்க உத்தரவையும் மீறியிருக்கிறோம். "இது நம்ம மூணு பேரோட போகட்டும்" என்றார் அப்பா. நான் என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சொல்லாமலே கண்டுபிடித்திருப்பாள்.

அடுத்த சம்பாவிலேயே அந்த இடம் தனியாகத் தெரிந்தது. மற்ற பயிரெல்லாம் பச்சை. அது மட்டும் கறுப்பு. கரைமேல் நின்று பார்த்தால் வயலில் ஒரு நிழல் விழுந்த மாதிரி இருக்கும். மேலே பார்த்தால் மேகம் இருக்காது. பயிர் இடுப்பைத் தாண்டி நின்றது. தூர் ஒவ்வொன்றும் ஒரு கைக்கு அடங்காது. கதிர் கனத்தில் வளைந்தாலும் சாயாது. கொக்குகள் வயல் முழுக்க இறங்கும், அந்த இடத்தில் ஒன்றுகூட இறங்காது. கடன் வாங்கி ஒரு புது ஜோடி பிடித்திருந்தோம். அந்த மாடுகளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. உழும்போது அந்த இடத்தின் விளிம்புக்கு வந்ததும் இரண்டும் நிற்கும். அடித்தால் நடுங்கும், நகராது. கடைசியில் அந்த இடத்தை மட்டும் நானும் சித்தப்பாவும் மண்வெட்டியால் கொத்தினோம். ஆறு வருஷம் அப்படித்தான் கொத்தினோம்.

அந்த வைக்கோலை மாடு தின்னாது. மோந்து பார்க்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும். அந்த நெல்லை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நிலக்காரருக்கும் அளக்கவில்லை. கடைசியாக அறுத்து, ஒரு படி மட்டும் எடுத்து, மூலையில் புங்கமரத்தடியில் இருந்த கன்னிமாருக்குப் பொங்கல் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொள்ளிடத்தில் கொட்டுவோம். கன்னிமார் என்றால் ஏழு கல்தான், மஞ்சள் பூசி வைத்திருக்கும். அந்தக் கல் இருந்ததால் எங்கள் வீட்டில் வடகிழக்கு மூலைக்குக் கன்னி மூலை என்று பெயர். வீடு கட்டுகிறவர்களும் படித்தவர்களும் கன்னி மூலை என்றால் தென்மேற்கைச் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் வீடு கட்டினவன் இல்லை.

பிறகு விளைச்சல் கணக்கெடுக்கும் சர்க்கார் அதிகாரியாக நீங்கள் வந்தீர்கள். அறுபதுகளின் தொடக்கம், தை மாதம். அப்பா அரிவாள் தீட்டிவரப் போயிருந்தார். கொள்ளிடத்தில் மூடுபனி. கரை தெரியவில்லை, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து முதலில் உங்கள் சைக்கிள் மணிதான் கேட்டது. மணி சத்தம் கேட்டதும் வரப்பில் நின்ற என் மனைவி என் சட்டையைப் பிடித்தாள். பிறகுதான் நீங்கள் தெரிந்தீர்கள். பின்னால் தராசும் கயிறும் தூக்கிக்கொண்டு ஒரு ஆள்.

எனக்கு விளக்கினீர்கள். அன்றைக்கு நன்றாகத்தான் பேசினீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வயலில் எந்த இடம் நன்றாக விளைந்திருக்கிறது என்று பார்த்து அறுக்கக் கூடாது. அச்சடித்த தாளில் எண்கள் இருக்கும். வயலின் ஒரு மூலையிலிருந்து நீளத்தில் இத்தனை காலடி, அகலத்தில் இத்தனை காலடி. எங்கே வந்து நிற்கிறோமோ அங்கே முளை அடித்து, சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து அடித்து எடை போட வேண்டும். அதிலிருந்து வயல், வயலிலிருந்து வட்டம், வட்டத்திலிருந்து ஜில்லா, ஜில்லாவிலிருந்து நாடு. "யாரும் ஏமாத்த முடியாதுப்பா. நானே நெனச்சாலும் முடியாது" என்றீர்கள்.

பிறகு கேட்டீர்கள். "கன்னி மூலை எது?"

நான் கை காட்டினேன். உங்கள் தாளில் தென்மேற்கு என்று இருந்திருக்கிறது. குடியானவனுக்குப் புரியட்டும் என்று கன்னி மூலை என்றீர்கள். எனக்குப் புரிந்தது என் கன்னி மூலை. பனியில் மஞ்சள் பூசிய கல் மங்கலாகத் தெரிந்தது.

"ஏங்க, அங்கயா?" என்றாள் என் மனைவி மெதுவாக.

"அவுரு கேட்டாரு, காட்டினேன். நீ சும்மா இரு."

நீங்கள் அந்த மூலையிலிருந்து நடந்தீர்கள். வாய்விட்டு எண்ணினீர்கள். நீளத்தில் பதினேழு. திரும்பி, அகலத்தில் ஆறு. நின்றீர்கள். உங்கள் மார்பு வரைக்கும் பயிர். கறுப்புப் பயிர். சுற்றி வேறு எங்கேயும் அப்படி இல்லை. பனியில் உங்களுக்கு அது தெரியவில்லை.

தற்செயல்தான். சின்ன எண்கள் வந்தன, மூலைக்குப் பக்கத்தில் விழுந்தது. இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. ஆனால் உங்கள் ஆள் நாலாவது முளையை அடித்தபோது என்ன ஆனது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முளை ஒரு சாண் இறங்கி எதிலோ முட்டியது. உள்ளேயிருந்து கிண் என்று ஒரு சத்தம். வெண்கலம். சுத்தமாக, நீளமாக.

"என்னய்யா அது?" என்றார் உங்கள் ஆள். சுத்தியலைத் தூக்கியபடியே நின்றார்.

அப்பா அப்போதுதான் அரிவாளோடு வந்தார். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"பழைய இரும்பு ஏதாவது கெடக்கும்ங்க" என்றார். பிறகு, "ஐயா, இந்த எடம் வேணாம்ங்க. வேற எங்கயாச்சும் அறுத்துக்குங்க."

"ஏன்?"

"கன்னிமார் எடம்ங்க."

"நல்லதாப் போச்சு. கன்னிமாரே குடுக்கறாங்கன்னு எழுதிக்கறேன்" என்று சிரித்தீர்கள். "எடத்த மாத்தினா அதுக்குப் பேருதான் பெரியவரே ஏமாத்தறது."

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சொன்னால் வயல் போய்விடும். அதனால் சொல்லவில்லை. எங்கள் பொய் அது. நான் மறைக்கவில்லை. பயந்து சொன்ன பொய்.

அறுத்தோம். அடித்தோம். தூற்றினோம். பதர் கொஞ்சமும் பறக்கவில்லை. எல்லாமே மணி. தராசில் வைத்ததும் நீங்கள் ஒரு தடவை இறக்கி, தராசைத் தட்டிப் பார்த்து, மறுபடி வைத்தீர்கள். எங்கள் வயல் நல்ல வருஷத்தில் கொடுக்கிற கணக்குக்கு இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். சந்தோஷத்தில்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அப்பாவிடம் கைநாட்டு வாங்கினீர்கள்.

அப்புறம்தான் பனி விலகியது. நீங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டே நிமிர்ந்தீர்கள். எதிரே, தூரத்தில், மலைக்கோட்டை. எங்கள் ஊரிலிருந்து மலைக்கோட்டை தென்கிழக்கே தெரியும், அது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் தென்மேற்கு மூலையிலிருந்து வடக்கு நோக்கி நடந்து வந்திருந்தால் அது உங்கள் முதுகுப் பக்கம் இருந்திருக்க வேண்டும். நீங்கள் வந்த வழியைப் பார்த்தீர்கள். மலையைப் பார்த்தீர்கள். புங்கமரத்தைப் பார்த்தீர்கள். கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தீர்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "சரி, கெளம்பலாம்" என்று மட்டும் சொன்னீர்கள். நான் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றதும் காதில் விழாத மாதிரி போய்விட்டீர்கள்.

மூன்றாம் நாள் நிலக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். உங்கள் ஆபீசிலிருந்து அவருக்குச் சேதி போயிருக்கிறது. வரப்பில் நின்று அப்பாவைத் தோளில் தட்டினார். அதுவரை அவர் எங்களைத் தொட்டதில்லை.

"என்னடா, இத்தனை வருஷமா என் பூமியில பொன்னை ஒளிச்சு வச்சிண்டிருக்கே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க சாமி."

"இல்லையாமே! கவர்மென்டே எடை போட்டுச் சொல்றது, இவன் இல்லேங்கறான்."

எடை போட்ட நெல்லையும், அந்த இடத்தில் மிச்சம் நின்ற கதிரில் ஒரு கட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். நாங்கள் தடுக்க ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு வெண்கலப் பானையோடு திரும்பி வந்தார். அந்த நெல்லைக் குத்திப் பெருமாளுக்கு அக்காரவடிசல் பண்ணியிருக்கிறார்கள். நெய்யும் வெல்லமும் பாலும் மணத்தது. ஆள் ஆளுக்கு வாழை இலைத் துண்டில் அவர் கையாலேயே போட்டார்.

"சாப்பிடுங்கோ. பூமி குடுத்த பிரசாதம். வேண்டாம்னு சொல்லப்படாது."

என் மனைவி முந்தானையில் முடிந்துகொண்டாள். சித்தப்பா வயிற்று வலி என்றார். நான் ஒரு கவளம் வாயில் போட்டு, புங்கமரத்துக்குப் பின்னால் போய்த் துப்பினேன். அப்பா மட்டும் அவர் கண் முன்னாலேயே முழுவதும் தின்றார். சிந்தியதையும் எடுத்துத் தின்றார். நிலக்காரர் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னார்.

அவர் வண்டி போன பிறகு அப்பா கை கழுவவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மணி கேக்குதாடா?" என்றார்.

"வண்டி மாட்டு மணிப்பா."

"வண்டி எப்பவோ போயிருச்சுடா."

அன்றைக்கு ஆரம்பித்தது. இன்றுவரை உச்சி வெயில் நேரத்தில் அப்பா தலையைச் சாய்த்து எதையோ கேட்பார்.

கோடையில் திருச்சியில் விவசாயப் பொருட்காட்சி போட்டார்கள். நானும் அப்பாவும் போனோம். ஒரு பெரிய பலகையில் எங்கள் ஊர்ப் பெயரும் அந்த எண்ணும் சிவப்பில் எழுதியிருந்தது. இந்த விளைச்சல் எல்லா வயலிலும் வந்தால் கப்பலில் வரும் கோதுமைக்குக் காத்திருக்க வேண்டாம், நாமே கப்பல் ஏற்றலாம் என்று கீழே எழுதியிருந்தது. பக்கத்தில் அந்தக் கறுப்புக் கதிரில் ஒரு கட்டு, நாடா கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு அடுத்து மாட்டுக் கண்காட்சி. பரிசு வாங்கிய ஒரு காங்கேயம் காளையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். கதிர்க் கட்டுக்கு நேரே வந்ததும் காளை நின்றது. காது இரண்டும் பின்னுக்குப் போயின. அவர் மூக்கணாங்கயிற்றை இழுத்தார். அது நடுங்கிக்கொண்டே பின்னால் நகர்ந்து நகர்ந்து பந்தல் காலை முறித்துவிட்டது.

"கூட்டத்தப் பாத்து மெரளுது" என்றார்கள்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிரலாம்டா" என்றார்.

அந்த வருஷமே நிலக்காரர் குத்தகையைக் கூட்டித் தரச் சொல்லி, குத்தகை நிர்ணயிக்கும் கோர்ட்டில் மனுப் போட்டார். வயலின் வழக்கமான விளைச்சல் என்ன என்று பார்த்து, அதில் ஒரு பங்கைக் குத்தகை நெல்லாக அங்கே நிர்ணயிப்பார்கள். அவரிடம் இருந்த சாட்சி உங்கள் தாள். இத்தனை வருஷமும் நாங்கள் பாதி விளைச்சலைத் திருடியதாகத்தான் அவர் நினைத்தார். அவர் நிலையில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

விசாரணைக்குச் சில நாள் முன்னால் நீங்கள் எங்கள் வயலுக்குத் திரும்பி வந்தீர்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தீர்கள். நான் கரைக்கு அந்தப் பக்கம் கோரை அறுத்துக்கொண்டிருந்தேன். நல்ல மத்தியானம். பனி இல்லை. வெயில். அறுவடை முடிந்த வெறும் தரை. நீங்கள் புங்கமரத்தடியில் நின்று சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தீர்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தீர்கள். மெதுவாகத் திரும்பினீர்கள். மறுபடி பார்த்தீர்கள். பிறகு அந்த மூலையிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தீர்கள். பதினேழு. திரும்பி ஆறு. நாலாவது முளை அடித்த ஓட்டை அப்படியே இருந்தது. அதன்மேல் நின்றீர்கள். செருப்பால் தரையை ஒரு தடவை மிதித்தீர்கள்.

நான் இருந்த இடம் வரைக்கும் கேட்டது. கிண்.

நீங்கள் ஓடவில்லை. வேகமாக நடந்தீர்கள். வரப்பில் விழுந்து எழுந்தீர்கள். திசைகாட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அது என்னிடம் இருக்கிறது. பித்தளை. மூடியில் ஒரு கீறல்.

கோர்ட்டில் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெக்கை நோய், ஆறு மாடு, குழி, மணி எல்லாம். சொன்னால் வயல் போகும் என்று ஆறு வருஷம் விழுங்கி வைத்திருந்ததை, சொல்லாவிட்டாலும் போகும் என்று ஆனதும் சொன்னார். நிலக்காரர் எழுந்து நின்றார். வாயில் துண்டை வைத்துக்கொண்டார். வெளியே போனார். ரொம்ப நேரம் கழித்து முகமும் தலையும் நனைந்து வந்து உட்கார்ந்தார். "பொய். குத்தகை குடுக்காம இருக்கறதுக்காகச் சொல்றான். பொய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவர் பெருமாளைக் கும்பிட்டிருப்பார். அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

நான் மூலையைத் தப்பாகக் காட்டியதைச் சொன்னேன். அவர் வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கன்னி மூலை எதுன்னு தெரியாத குடியானவனா நீ? சூரியன் உதிக்கறதாவது தெரியுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பா கூனிக்கொண்டார். மடியிலிருந்த உங்கள் திசைகாட்டியை எடுத்துக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

"தோண்டிப் பாருங்க சாமி" என்றார் அப்பா. "மணி இருக்கும். தோண்டிப் பாருங்க."

விசாரித்த அதிகாரி நியாயமாகத்தான் பேசினார். மாடு வடகிழக்கில் கிடக்கிறது என்கிறாய். கிடந்துவிட்டுப் போகட்டும். எடை போட்ட இடம் தென்மேற்கு மூலையிலிருந்து அளந்தது என்று தாள் சொல்கிறது. அப்படியானால் மாட்டுக்கும் இந்த நெல்லுக்கும் சம்பந்தம் இல்லை, தோண்டவும் வேண்டாம். முதலில் எந்த மூலை என்று தெரியட்டும் என்று உங்கள் பக்கம் திரும்பினார்.

உங்களை மட்டும்தான் கேட்டார். எங்கள் வயல் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா உங்களைக் கும்பிடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். நீங்கள் தரையைப் பார்த்துச் சொன்னீர்கள்: "முறைப்படி தென்மேற்கு மூலையிலிருந்துதான் ஆரம்பித்தேன்."

அவ்வளவுதான். பலகையில் சிவப்பில் எழுதியாகிவிட்டது. மேலே அனுப்பியாகிவிட்டது. உங்களுக்கு அதற்குள் பதவி உயர்வும் வந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு மூலையைத் தப்பாக எடுத்துவிட்டேன், பனியாக இருந்தது என்று சொல்லியிருந்தால் உங்களை யாரும் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள்.

செத்த மாடு கொடுத்த விளைச்சலை உயிரோடு இருக்கிற வயல் முழுவதும் கொடுக்க வேண்டும் என்று குத்தகை வைத்தார்கள். இரண்டு போகம் முட்டிப் பார்த்தோம். விதை நெல்லையும் அளந்தோம். மூன்றாவது போகத்துக்கு முன்னால் அப்பா வயலை ஒப்படைத்துக் கைநாட்டு வைத்தார். உங்கள் தாளில் வைத்த அதே கட்டைவிரல். திருவெறும்பூர் பக்கம் பெரிய தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே மண் சுமக்கப் போனேன். இப்போது உள்ளேயே வேலை. வயிற்றுக்குக் குறை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நிலக்காரர் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு தானே பயிர் வைத்தார். மூட்டை மூட்டையாக உரம் போட்டார். பயிர் கறுத்தது, கதிர் வருமுன் சாய்ந்தது. எண் வரவில்லை என்றதும், உங்கள் ஆபீசில் சொன்னார்கள் என்று எலும்புத் தூள் வாங்கி வயல் முழுக்க இறைத்தார். எந்த மாட்டின் எலும்போ. நான் கரைமேல் நின்று பார்த்தேன். வெள்ளையாக, சாம்பல் பூசின மாதிரி கிடந்தது வயல். மாடு பூட்டி உழ வந்தவன் முதல் வரப்பிலேயே நின்றான். அவன் மாடுகள் உள்ளே இறங்கவில்லை. இப்போது வயல் முழுக்கவே அந்த மூலைதான்.

நம் நாட்டால் போட்டி போட முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. முடியும். எங்கள் வயல் நேர்மையாக ஒரு விளைச்சல் கொடுத்தது. நல்ல விதையும், வேளைக்குத் தண்ணீரும், சாகாத மாடும் கிடைத்திருந்தால் இன்னும் கொடுத்திருக்கும். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் அதை எடை போடவில்லை. இன்றைக்குப் புது ரக நெல் வருகிறது. பழைய நெல்லே இவ்வளவு கொடுத்ததே என்று எங்கள் எண்ணைக் காட்டி அதற்குமேல் கேட்கிறீர்கள். எத்தனை ஜில்லாவில் எத்தனை பேருக்கு அந்த எண்ணைக் காட்டியிருப்பீர்கள்? எத்தனை பேர் தங்கள் வயலைப் பார்த்து, நான்தான் சோம்பேறி என்று நினைத்திருப்பார்கள்?

அன்றைக்கு மண்டபத்தில் கைதட்டல் ஓய்ந்ததும் நீங்கள் தண்ணீர் டம்ளரை எடுத்தீர்கள். குடிக்காமல் நின்றீர்கள். தரையைப் பார்த்தீர்கள். ஒரு காலை மெதுவாகத் தூக்கி வேறு இடத்தில் வைத்தீர்கள். அந்த நேரத்தில் எனக்கும் கேட்டது. சிமென்டுத் தரை. கீழே மண்கூட இல்லை. மற்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களும் நானும் மட்டும் கேட்டோம்.

அப்பா இன்னும் இருக்கிறார். ஊருக்குள் அவருக்குப் பொய்யன் என்று பெயர். அந்தப் பெயரோடு அவர் போகக் கூடாது. நிலம் வேண்டாம், நெல் வேண்டாம். அதே மண்டபத்தில், அதே ஒலிபெருக்கியில், கை தட்டிய அதே ஆட்கள் முன்னால் நீங்கள் வந்து நிற்க வேண்டும். திசைகாட்டியைக் கொண்டுவந்து தருகிறேன். அப்பாவை முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.

எந்த மூலையிலிருந்து நடந்தீர்கள்?